உளவுச் செயற்கைக்கோளின் பாதை எல்லோருக்கும் தெரிந்தால் ஆபத்தா?

நீங்கள் கேட்டது இதுதான்: கைப்பேசியில் ஒரு செயலியைத் திறந்தாலே எந்தச் செயற்கைக்கோள் எத்தனை மணிக்கு நம் தலைக்கு மேல் வரும் என்று தெரிந்துவிடுகிறது, அதில் ராணுவக் கோள்களும் இருக்கின்றன, அரசுகள் இதை எப்படி விட்டுவைத்திருக்கின்றன, தடை செய்தால்தான் என்ன? கூடவே, அந்தத் தரவை எடுத்துச் சின்னதாக ஒரு மென்பொருள் எழுதினால் உங்களுக்குச் சிக்கல் வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்விக்குள் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. மறைக்க வேண்டுமா என்பது ஒன்று, மறைக்க முடியுமா என்பது இன்னொன்று. எல்லோரும் முதலாவதைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறார்கள். இரண்டாவதிலிருந்து தொடங்கினால்தான் விஷயம் பிடிபடும்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராணுவத்தோடு தொடர்பில்லாத செயற்கைக்கோள்களின் பாதைக் கணக்கில் பல வருடம் வேலை பார்த்தவன். அந்த வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே, சூரியன் மறைந்ததும் பைனாகுலரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிற பழக்கமும் உண்டு. ரகசியக் கோப்பு எதையும் பார்த்தவன் இல்லை. அதனால் வானத்தில் என்ன நடக்கிறது என்று நான் சொல்வதை நம்பலாம், அரசு அலுவலகங்களுக்குள் என்ன யோசிக்கிறார்கள் என்று சொல்வதை ஊகமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். நீங்கள் செயலியில் பார்க்கிற தரவில் பெரும்பகுதி அமெரிக்க விண்வெளிப் படை கொடுப்பது. உலகெங்கும் உள்ள ரேடார்களையும் தொலைநோக்கிகளையும் வைத்து 30,000-க்கும் மேற்பட்ட பொருட்களைப் பின்தொடர்ந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதி வைக்கிறார்கள். வரிக்கு 69 எழுத்து. பூமத்திய ரேகையோடு ஒப்பிட்டால் பாதையின் சாய்வு, நீள்வட்டம் எவ்வளவு நீண்டது, ஒரு நாளில் எத்தனை சுற்று, இந்த எண்கள் எந்த நொடிக்கானவை என்று எல்லாம் அந்த இரண்டு வரியில் அடங்கிவிடும். ஸ்பேஸ்-டிராக் என்ற தளத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்கி யாரும் எடுக்கலாம். ஆனால் அமெரிக்காவின் சொந்த உளவுக் கோள்களுக்கு அந்த இரண்டு வரி அங்கே இருக்காது. பெயர் இருக்கும், வரிசை எண் இருக்கும், பாதை இருக்காது. ஜப்பான், ஜெர்மனி போன்ற கூட்டாளி நாடுகளின் உளவுக் கோள்கள் சிலவற்றுக்கும் அப்படித்தான். ரஷ்ய, சீன ராணுவக் கோள்களின் பாதைகள் மட்டும் வரிசையாகக் கிடைக்கும். ஆக, தடை செய்யலாமே என்கிறீர்களே, அந்தத் தடை பாதி அளவுக்கு ஏற்கெனவே இருக்கிறது. 1980-களிலிருந்தே இருக்கிறது.

அப்படியானால் அமெரிக்க உளவுக் கோள்கள் செயலிகளில் எப்படித் தெரிகின்றன? பல நாடுகளில் இருக்கும் ஆர்வலர்கள் கொஞ்சம் பேர் கண்ணால் பார்த்துக் கணக்குப் போட்டு வெளியிடுகிறார்கள். இதற்குத் தேவையானது பைனாகுலர், ஸ்டாப்வாட்ச், நட்சத்திர வரைபடம், பொறுமை, அவ்வளவுதான். இப்போது பலரும் நல்ல வீடியோ கேமரா வைத்திருக்கிறார்கள். சூரியன் மறைந்து ஒன்றிரண்டு மணி நேரம் வரை நமக்கு இருட்டிவிட்டாலும் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அந்த வெயில் பட்டு மின்னும் புள்ளி இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே இழுத்த கோட்டைக் கடக்கிற கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். கை 0.2 விநாடி பிசகினால், விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் போகிற பொருளுக்கு ஒன்றரை கிலோமீட்டர் பிழை. கேட்க அதிகமாகத் தெரியும். ஆனால் நாலைந்து மாலை, இரண்டு மூன்று இடங்களிலிருந்து இப்படிக் குறித்தால் அந்தப் பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டி, அடுத்த வாரம் அது எங்கே வரும் என்று சொல்லுமளவுக்குப் பாதை கிடைத்துவிடும்.

ஒரு முறை நான் பின்தொடர்ந்துகொண்டிருந்த கோள் ஒன்று சொன்ன நேரத்துக்கு வரவில்லை. முந்தின நாள் பார்த்தபோது கணக்கும் கண்ணும் விநாடி சுத்தமாகப் பொருந்தியிருந்தன. அன்றைக்கு நேரம் ஆகிவிட்டது, பைனாகுலர் வட்டத்துக்குள் குறித்து வைத்த நட்சத்திரம் மட்டும்தான் இருக்கிறது. கை வலிக்க அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். 40 விநாடி கழித்து அதே வழியில் நிதானமாக வந்தது. அந்த 40 விநாடியில் ஒரு செய்தி இருக்கிறது. பாதை உயர்ந்தால் சுற்றி வர அதிக நேரம் ஆகும். அந்த உயரத்தில் சராசரியாக ஒரு கிலோமீட்டர் கூடினால் சுற்றுக்கு ஒரு விநாடிக்குச் சற்று மேல் தாமதமாகும், நாளொன்றுக்குப் பதினைந்து சுற்றுக்கு மேல். ஆக, 24 மணி நேரத்துக்குள் யாரோ அதன் எஞ்சினை இயக்கி இரண்டு கிலோமீட்டர் அளவுக்கு மேலே தூக்கியிருக்கிறார்கள். ஒரு நாடு வெளியே சொல்லாமல் செய்த வேலை எனக்கு ஒரு ஸ்டாப்வாட்ச்சில் தெரிந்துவிட்டது. மறைக்க முடியுமா என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை. விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளலாம், கப்பலைத் துறைமுகத்தில் கட்டலாம். இந்த உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை உலகத்தைச் சுற்றியே ஆக வேண்டும், விதி மாறாமல், எல்லோர் தலைக்கும் மேலே. வழியை மாற்ற எரிபொருள் வேண்டும், அது கொண்டுபோனது தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

பொதுமக்கள் வானத்தை இப்படிக் கவனிப்பது அரசுக்கு எதிராகத் தொடங்கியது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1956-ல் அமெரிக்க வானியலாளர் பிரெட் விப்பிள் மூன்வாட்ச் என்ற திட்டத்தைத் தொடங்கி, சாதாரண மக்களைக் குழுக்களாக வரிசையில் உட்காரவைத்துச் செயற்கைக்கோள் பார்க்கப் பழக்கினார். 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் போனபோது அந்தக் குழுக்களின் கண்கள் உண்மையாகவே தேவைப்பட்டன. சில வருடம் கழித்து இங்கிலாந்தில் கெட்டரிங் என்ற ஊரில் ஜெஃப்ரி பெர்ரி என்ற இயற்பியல் ஆசிரியர் பள்ளி மாணவர்களோடு சேர்ந்து சோவியத் கோள்களின் ரேடியோ ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தார். 1966-ல் ஏவப்பட்ட ஒன்றின் பாதைச் சாய்வு வழக்கத்துக்கு மாறாக இருந்தது. பாதைகளைப் பின்னோக்கி வரைந்து பார்த்தால் அதுவரை யாரும் அறிவிக்காத ஓர் ஏவுதளம் வடக்கே இருந்தாக வேண்டும் என்று வந்தது. அதுதான் பிளெசெட்ஸ்க். அப்படி ஓர் இடம் இருப்பதை சோவியத் அரசு ஒப்புக்கொண்டது 1983-ல். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒன்றைப் பதினேழு வருடம் ரகசியமாக வைத்திருந்தார்கள்.

சரி, மறைக்க வேண்டும் என்பவர்களின் வாதத்தில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. அதன் வலுவான உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 1995 இறுதியில் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனைக்கு நடந்த ஆயத்தத்தை அமெரிக்க உளவுக் கோள்கள் பிடித்துவிட்டன, நெருக்கடி வந்தது, சோதனை நின்றது. 1998-ல் அதே இடத்தில் வேலை நடந்தபோது பெரும்பாலும் இரவில் செய்தார்கள். விடிவதற்குள் இயந்திரங்களைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினார்கள், தோண்டிய மணலைக் காற்று குவித்தது போலவே குவித்தார்கள், அப்துல் கலாம் உள்படப் பலர் ராணுவ உடையில் வேறு பெயரில் வந்து போனார்கள். கோள் எப்போது மேலே வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மே 11 அன்று குண்டு வெடித்த பிறகுதான் அமெரிக்காவுக்குத் தெரிந்தது. ஆகவே, கோளின் நேரம் தெரிந்தால் அதன் கண்ணில் மண்ணைத் தூவ முடியும் என்பது வெறும் பயம் அல்ல, நடந்த கதை. ஆனால் யார் செய்தது என்று பாருங்கள். சொந்தமாக ஏவூர்தி கட்டுகிற, சொந்தக் கோள்களை இயக்குகிற ஒரு நாடு. அந்தக் கணக்குக்கு இப்படிப்பட்ட நாடு வெளியே யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. பொதுத் தரவை மூடினால் தடுமாறப்போவது ரேடார் இல்லாதவர்கள்தான்: சின்ன நாடுகள், பல்கலைக்கழக மாணவர்கள், ஒன்றிரண்டு கோள் வைத்திருக்கும் நிறுவனங்கள்.

"பாதை தெரிந்தால் சுட்டுவிடுவார்களே" என்பது அடிக்கடி கேட்கும் இன்னொரு பயம். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை, பொதுவில் கிடைக்கும் இரண்டு வரித் தரவை வைத்து யாரும் எதையும் சுட முடியாது. எழுதிய நொடியிலேயே அதில் ஒரு கிலோமீட்டர் அளவுக்குப் பிழை இருக்கும், நாளாக ஆகப் பல கிலோமீட்டராக வளரும். மோதி அழிக்கிற ஏவுகணைக்குச் சொந்த ரேடாரும், கடைசி விநாடிகளில் இலக்கைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்கிற கருவியும் வேண்டும். 2007-ல் சீனா, 2008-ல் அமெரிக்கா, 2019-ல் இந்தியா, 2021-ல் ரஷ்யா என்று இதைச் செய்தவர்கள் எல்லோரும் அப்படிப்பட்ட வசதி உள்ளவர்கள்.

இதையெல்லாம்விட எனக்கு நியாயமாகப் படுகிற, ஆனால் அதிகம் பேசப்படாத ஒரு காரணம் உண்டு. பின்தொடரும் தரவை வெளியிடும்போது, பார்க்கப்பட்ட கோளைப் பற்றி மட்டும் அல்ல, பார்த்த ரேடாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். எவ்வளவு சின்னத் துண்டு வரை அதற்குத் தெரிகிறது, ஒரு கோள் பாதையை மாற்றினால் எத்தனை மணி நேரத்தில் கண்டுபிடிக்கிறது, பூமியின் எந்தப் பகுதிக்கு மேலே அதற்குக் கண் இல்லை என்பதெல்லாம், வெளிவரும் தரவைப் பல மாதம் உட்கார்ந்து அலசினால் ஓரளவு ஊகிக்கலாம். துல்லியமான மூலத் தரவைக் கொடுக்காமல், கொஞ்சம் மழுங்கிய இரண்டு வரியை மட்டும் பொதுவில் விடுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இதில் நான் அரசின் பக்கம்தான்.

ஆனால் தரவைத் தேவைக்கு மேல் இறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் நடந்த கதை இருக்கிறது. 2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே சுமார் 790 கிலோமீட்டர் உயரத்தில், இயங்கிக்கொண்டிருந்த இரிடியம் 33 என்ற அமெரிக்கத் தகவல்தொடர்புக் கோள், செத்துப்போன ரஷ்யக் கோள் காஸ்மோஸ் 2251 மேல் மோதியது. இரண்டும் சேர்ந்து ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு, மோதிய வேகம் விநாடிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல், பின்தொடரும் அளவுக்குப் பெரிய துண்டுகள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல். அந்தக் கோள்கள் இரண்டின் பாதையும் பொதுத் தரவில் இருந்தன. அதை வைத்துச் செலஸ்டிராக் என்ற தளம் போட்ட கணக்கில், இரண்டும் அரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளியில் கடந்துபோகும் என்றுதான் வந்தது. அன்றைய நெருக்கப் பட்டியலில் அதைவிட ஆபத்தாகத் தோன்றியவை நிறைய இருந்ததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. மழுங்கிய தரவின் எல்லை அவ்வளவுதான். துல்லியமான தரவு ராணுவத்திடம் இருந்தது, ஆனால் எல்லா வணிகக் கோள்களையும் தினமும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்து எச்சரிக்கும் ஏற்பாடு அப்போது இல்லை. அந்த மோதலுக்குப் பிறகுதான், இயங்கும் கோள்கள் எல்லாவற்றுக்கும், உரிமையாளர் எந்த நாட்டவராக இருந்தாலும், மோதல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார்கள்.

அந்த எச்சரிக்கையைப் பெறும் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஓர் இரவு வந்த செய்தியில், மூன்று நாள் கழித்து எங்கள் கோளை ஒரு குப்பைத் துண்டு 180 மீட்டர் தூரத்தில் கடக்கும் என்று இருந்தது. அந்த 180-க்குப் பக்கத்திலேயே அதன் நிச்சயமின்மையும் எழுதியிருக்கும், அது பயண திசையில் பல நூறு மீட்டர். அதாவது மோதினாலும் மோதலாம், ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் போகலாம். விலகுவதா வேண்டாமா? விலகினால் எரிபொருள் போகும், கோளின் ஆயுளில் சில வாரம் குறையும், விலகிய இடத்தில் இன்னொரு துண்டு காத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு ஒரு புதிய கணக்கு வந்தது, ஒவ்வொன்றிலும் தூரம் மாறியது, கடைசிக் கணக்கில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போனது, நாங்கள் அசையவில்லை. அன்றிலிருந்து யாராவது பாதைத் தரவை உளவுத் தகவல் மாதிரி மட்டுமே பேசினால் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வரும். எங்களுக்கு அது சாலையில் எதிரே வரும் வண்டியின் விளக்கு.

ரகசியமே ரகசியமாக நிற்காது என்பதற்கு பிரான்ஸ் செய்ததையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் கிராவ்ஸ் என்று சொந்தமாக ஒரு ரேடார் கட்டி 2005-ல் இயக்கத் தொடங்கினார்கள். கொஞ்ச நாளில், அமெரிக்கப் பொதுப்பட்டியலில் பாதை இல்லாத இருபது முப்பது பொருட்கள் அதற்குத் தெரிந்தன. எங்கள் ராணுவக் கோள்களின் பாதையை நீங்கள் வெளியிட்டால் உங்களுடையதை நாங்களும் வெளியிட வேண்டியிருக்கும் என்று 2007-ல் பிரெஞ்சு அதிகாரிகள் வெளிப்படையாகவே சொன்னார்கள். இன்று லியோலேப்ஸ் போன்ற தனியார் நிறுவனங்களே ரேடார் வைத்துத் தரவை விற்கின்றன. ஓர் அரசு தன் பட்டியலை மூடினாலும் வானம் மூடிக்கொள்வதில்லை.

இன்னொன்றையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஆர்வலர்கள் பக்கமும் மிகைப்படுத்தல் உண்டு. பாதை என்பது அளந்தது, அதை நம்பலாம். "இது இன்ன வேலைக்கான கோள்" என்று அதற்கு மேல் சொல்வது பெரும்பாலும் அனுமானம். சில சமயம் அந்த அனுமானம் அசத்தலாகச் சரியாக வரும். 2019 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப், ஈரானின் செம்னான் ஏவுதளத்தில் நடந்த விபத்தின் படத்தை ட்விட்டரில் போட்டார். படத்திலிருந்த கோபுரங்களின் நிழலை வைத்து நேரத்தையும், வட்டமான தளம் எவ்வளவு சப்பையாகத் தெரிந்தது என்பதை வைத்துப் பார்த்த கோணத்தையும் கணக்கிட்டு, எடுத்தது யுஎஸ்ஏ 224 என்ற உளவுக் கோள் என்று ஆர்வலர்கள் விரைவிலேயே சொல்லிவிட்டார்கள். அந்தக் கோள் எவ்வளவு நுட்பமாகப் பார்க்கும் என்பதும் உலகத்துக்குத் தெரிந்துபோனது. அதை வெளியே விட்டது ஆர்வலர்கள் பல வருடமாக வைத்திருந்த பாதைக் கணக்கு அல்ல, அந்தப் படம்தான்.

இந்த வேட்டையால் அரசுக்கே நன்மை வந்ததும் உண்டு. 2018 ஜனவரியில் கனடாவைச் சேர்ந்த ஸ்காட் டில்லி என்ற ஆர்வலர், ஜூமா என்ற ரகசியக் கோளின் ரேடியோ அலையைத் தேடிக்கொண்டிருந்தபோது வேறொரு குரல் கேட்டது. நாசா 2005 இறுதியில் தொடர்பை இழந்து, முடிந்தது என்று விட்டுவிட்ட இமேஜ் என்ற ஆய்வுக் கோள் அது. உயிரோடு பேசிக்கொண்டிருந்தது. நாசாவும் சோதித்துப் பார்த்து ஆமாம் என்றது.

ஆக, என் கருத்து இது. கோள் எங்கே இருக்கிறது என்பது பொதுவில் இருக்க வேண்டும், ரகசியக் கோளாக இருந்தாலும் குறைந்தபட்சம் மோதலைத் தவிர்க்கும் அளவுக்காவது. அது என்ன பார்க்கிறது, எவ்வளவு நுட்பமாகப் பார்க்கிறது, யாருக்கு அனுப்புகிறது, நாளைக்கு எஞ்சினை எப்போது இயக்கப்போகிறார்கள் என்பதை எல்லாம் அரசு மறைத்துக்கொள்ளட்டும், அதை மறைக்கவும் முடியும். சர்வதேச விதியும் கிட்டத்தட்ட இந்த இடத்தில்தான் நிற்கிறது. 1976-ல் நடைமுறைக்கு வந்த ஐநா பதிவு ஒப்பந்தப்படி, ஏவிய நாடு சுற்றும் நேரம், சாய்வு, அதிக உயரம், குறைந்த உயரம், பொதுவான நோக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டும். ஆனால் "இயன்ற விரைவில்" என்று மட்டும்தான் அதில் இருக்கிறது, பாதை மாறினால் திருத்திச் சொல்லும் கட்டாயம் இல்லை. நாடுகள் அந்த இடைவெளியைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. எனக்கு வருத்தமான விஷயம் அது.

இனி உங்கள் மென்பொருள். ஸ்பேஸ்-டிராக்கில் கணக்குத் தொடங்குவது இலவசம், ஆனால் அனுமதி இல்லாமல் தரவை மறுபடி விநியோகிக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே போகிறீர்கள். 2003-ல் அமெரிக்கா இயற்றிய சட்டத்தின் வழி வந்த நிபந்தனை அது. அதுவரை நாசா வழியாகக் கிடைத்த தரவு அதற்குப் பிறகுதான் ராணுவத் தளத்துக்குப் போனது. உங்கள் கணக்கில் எடுத்ததை அப்படியே இன்னொரு தளத்தில் ஏற்றாதீர்கள். கற்றுக்கொள்ளச் செலஸ்டிராக் போதும், அங்கே கணக்கும் வேண்டாம். சில மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்துச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டால் உங்கள் இணைய முகவரியை அடைத்துவிடுவார்கள். இரண்டு வரியில் இருக்கும் எண்களை பாடப்புத்தகத்துக் கெப்ளர் சூத்திரத்தில் நேராகப் போடாதீர்கள், அவை எஸ்ஜிபி4 என்ற கணக்கு முறைக்காகவே தயாரித்த சராசரி எண்கள், வேறெதில் போட்டாலும் தப்பான இடத்தைக் காட்டும். பழைய வடிவத்தில் வரிசை எண்ணுக்கு ஐந்து இடம்தான் இருக்கிறது, அதைவிட நீளும் எண்கள் அதில் அடங்காது, அதனால் முதலிலிருந்தே ஜேசன் (JSON) என்ற தரவு வடிவத்தில் எடுத்துப் பழகுங்கள். முதல் சோதனைக்குச் சர்வதேச விண்வெளி நிலையம் சரியாக இருக்கும், அதன் எண் 25544. உங்கள் மென்பொருள் சொல்லும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே வெளியே போய் நின்றுகொள்ளுங்கள், கண் இருட்டுக்குப் பழக அவ்வளவாவது வேண்டும். நிலையம் சொன்ன விநாடியில் வந்தால் கணக்கு சரி. பல விநாடி தள்ளி வந்தால் முதலில் உங்கள் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள், அப்புறம் தரவு எத்தனை நாள் பழையது என்று பாருங்கள்.